மாவுக்கு வெளியே நிற்கும் வால்

அந்தக் காலத்தில் கடலில் இருப்பவற்றுக்கெல்லாம் பேச்சு வரும். மீன்கள் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும். நண்டு வைவதோடு சரி. இறால் அப்படியில்லை, விவாதம் செய்யும். தன் பக்கம் நியாயம் இருந்தால் தொட்டிக்குள் கிடந்தாலும் விட்டுக்கொடுக்காது.

அப்போது ஜப்பானின் தென்மேற்கில் ஒரு சின்னத் துறைமுகம் இருந்தது. அதன் கரையில் இசோ என்ற பெண் சாப்பாட்டுக்கடை வைத்திருந்தாள். அவளுக்கு வேறு பிழைப்பு கிடையாது. உப்புத் தண்ணீரில் வேகவைத்த இறாலும் ஒரு பிடி சோறும் தருவாள். இறால் தலையோடும் ஓட்டோடும் வரும். உரித்துக்கொள்வது தின்பவர் பாடு.

ஒரு வருடம் பாய்மரம் முறிந்த போர்த்துகீசியக் கப்பல் ஒன்று அந்தத் துறையில் ஒதுங்கியது. அதன் சமையல்காரன் துவார்த்தே. அவர்கள் மதத்தில் சில நாட்கள் விரதம், இறைச்சியைத் தொடக் கூடாது. அந்த நாட்களில் அவன் மீனையும் அவரைக்காயையும் கரைத்த மாவில் தோய்த்து எண்ணெயில் பொரிப்பான். இசோ அதை வேடிக்கை பார்க்கப் போனாள்.

"விளக்குக்கு ஊற்றுவதைச் சட்டி நிறைய ஊற்றுகிறாயே, உங்கள் ஊரில் இருட்டே கிடையாதா?" என்றாள்.

"தின்று பார். அப்புறம் திட்டு," என்றான் துவார்த்தே.

தின்றாள். திட்டவில்லை.

அவனிடமே கேட்டுக் கற்றுக்கொண்டாள். "தலை, ஓடு, வால், எல்லாவற்றையும் களைந்துவிடு. எங்கள் ஆட்களுக்கு உரிக்கப் பொறுமை இல்லை," என்று அவன் சொன்னான். இசோ ஒன்று விடாமல் களைந்தாள். நம் பஜ்ஜி மாவைவிடக் கெட்டியாகக் கரைத்து, இறாலை அதற்குள் மூழ்கடித்துப் பொரித்தாள். பொன்னிறத்தில் உருண்டை உருண்டையாக வந்தது. கப்பல்காரர்கள் வந்தார்கள், அவர்கள் பின்னாலேயே உள்ளூர்க்காரர்களும் வந்தார்கள்.

எதிரே கருவாட்டுக்கடை போட்டிருந்த கொன்சோவுக்கு ஈ ஓட்டும் வேலைதான் மிச்சம். அவன் சும்மா இருப்பானா?

"தின்னுங்கள், தின்னுங்கள்," என்றான் வரிசையில் நின்றவர்களைப் பார்த்து. "அந்தப் போர்வைக்குள் என்ன இருக்கிறது என்று மட்டும் கேட்காதீர்கள். கப்பலில் மாட்டை ஏற்றியதை நான் பார்த்தேன்."

வரிசை கலைந்தது. அந்த ஊரில் நாலுகால் பிராணியைத் தின்றவர்கள் துறைமுகச் சாமியின் பல்லக்கைத் தொடக் கூடாது. திருவிழாவோ நெருங்கிவிட்டது. சாயங்காலத்துக்குள் ஊர்த்தலைவர் ஹியோபு கடைக்கு வந்து நின்றார்.

"நாளை உச்சிக்குள் இது மாடு இல்லை என்று காட்டு, இசோ. காட்டாவிட்டால் கடையைப் பிரித்துவிடச் சொல்வேன்."

மாட்டைப் பார்த்ததாகச் சொன்னவனிடம் அவர் ஒன்றும் கேட்கவில்லை. ஆதாரம் காட்ட வேண்டியவள் சமைத்தவள்தான். இப்படி ஒரு நீதி அந்தக் காலத்திலேயே இருந்திருக்கிறது.

மறுநாள் காலை ஊரே கூடியது. இசோ ஓர் உருண்டையைப் பிட்டுக் காட்டினாள். உள்ளே வெள்ளையாக இறால் இருந்தது.

"சரி, இது இறால்," என்றான் கொன்சோ. "அடுத்தது?"

அடுத்ததையும் பிட்டாள். "அதற்கடுத்தது?" என்றான். எல்லாவற்றையும் பிட்டுக் காட்டினால் விற்பதற்கு என்ன இருக்கும்? பிட்டதை யார் வாங்குவார்கள்? அவனுக்கும் அது தெரியும்.

துவார்த்தே கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தான். "ஐயா, இறைச்சி கூடாத நாளுக்கென்றே நாங்கள் செய்கிற பண்டம் இது! இதில் போய் மாட்டை வைப்போமா?"

கூட்டம் சிரித்தது. "மாடு தின்பவன் மாடு இல்லை என்கிறான்!" என்றான் கொன்சோ.

துவார்த்தே சொன்னது முழு உண்மை. நம்பத்தான் ஆள் இல்லை. சூரியன் தலைக்கு மேலே வந்துகொண்டிருந்தது. கடையைப் பிரிக்க இரண்டு பேர் கூரையைக் கட்டியிருந்த கயிற்றில் கை வைத்துவிட்டார்கள்.

அப்போது இசோ உயிர் இறால்களைப் போட்டு வைத்திருந்த தொட்டிக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. "இத்தனை பேர் கத்துகிறீர்களே, எங்களை ஒரு வார்த்தை கேட்டீர்களா?"

மீசை நீண்ட ஒரு பெரிய இறால் தொட்டி விளிம்பில் ஏறி நின்றது.

"நீயே சொல்லம்மா, நீ இறால்தானே?" என்றாள் இசோ.

"இப்போது சொல்வேன். சட்டியில் விழுந்தபின் எந்த வாயால் சொல்ல? என் அக்காமார்களை அப்படித்தானே அனுப்பினாய்? தலையைக் கிள்ளினாய், ஓட்டை உரித்தாய், வாலைப் பிடுங்கினாய். அப்புறம் பெயரில்லாத உருண்டையாக்கிவிட்டாய். எங்களைத் தின்னப்போவது தெரிந்ததுதான். ஆனால், இந்த விரிகுடாவில் பிறந்த எங்களைத் தின்றுவிட்டு மாட்டைத் தின்றோமோ என்று வயிற்றைத் தடவுகிறார்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை."

"துவார்த்தே அப்படித்தான் சொல்லிக்கொடுத்தான்," என்றாள் இசோ.

"பொரிக்கச் சொல்லிக்கொடுத்தான், நல்லது. உரிக்கப் பொறுமை இல்லாதது அவன் ஆட்களுக்கு. உன் ஊர்க்காரர்களுக்கு என்ன கேடு? அதையும் சேர்த்து ஏன் கற்றாய்?"

இசோ தொட்டிப் பக்கம் குனிந்தாள். இறால் தொடர்ந்தது. "என் வாலை விட்டுவிடு. அதில் மாவு படக் கூடாது. இப்படி விசிறி மாதிரி ஒரு வால் எந்த மாட்டுக்கு இருக்கிறது, கொன்சோவைக் காட்டச் சொல்."

இசோ அந்த இறாலின் தலையை எடுத்தாள், ஓட்டை உரித்தாள், வாலைத் தொடவில்லை. மாவைத் தண்ணீர் விட்டு இளக்கி, வாலையே பிடியாக வைத்து அதில் இறக்கினாள். தூக்கியபோது அதிகப்படி மாவெல்லாம் சொட்டுச் சொட்டாக வழிந்துபோய், உடம்பு தெரியும் அளவுக்கு மெல்லிசாக ஒட்டி நின்றது. எண்ணெயில் விட்டாள். சட்டியிலிருந்து எடுத்தபோது மாவுக்கு வெளியே வால் செக்கச்செவேலென்று விரிந்திருந்தது.

ஹியோபு அதை வாங்கி எல்லாரும் பார்க்கத் தூக்கிப் பிடித்தார். பிட்டுப் பார்க்க வேண்டிய அவசியம் யாருக்கும் வரவில்லை. பிறகு ஊதி ஊதித் தின்றார். வாலைத் தட்டில் வைத்தார்.

"கயிற்றை விடுங்கப்பா," என்றார். "இசோ, கொன்சோவுக்கும் ஒன்று கொடு. தின்று பார்த்துச் சொல்லட்டும்."

இசோ அதே மாதிரி பொரித்துத் தட்டில் அடுக்க, கொன்சோ ஒன்றைத் தின்றான். சரியாகத் தெரியவில்லை என்று இன்னொன்று கேட்டான். பிறகு கேட்காமலே எடுத்துக்கொண்டான். கூட்டம் தன் தட்டையே பார்க்கிறது என்று உறைத்தபோது அங்கே வால்கள் குவிந்திருந்தன. எத்தனை தின்றான் என்பதற்கு அவையே சாட்சி. அவசர அவசரமாக ஒவ்வொன்றாக வாயில் போட்டு, கறுக்முறுக்கென்று மென்று விழுங்கினான்.

அன்றைக்கு ஆரம்பித்ததுதான்: இன்று தெம்புரா என்று பெயர் வாங்கிவிட்ட இந்தப் பொரித்த இறால் மெல்லிய மாவுக்குள் உடம்பை வைத்து, வாலை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு தட்டுக்கு வருகிறது. தின்பவர்களில் சிலர் ஹியோபுவைப் போல வாலைத் தட்டில் வைக்கிறார்கள். சிலர் அதையும் மென்று விழுங்கிவிட்டு, ஒன்றுமே தின்னாதவர்கள் மாதிரி முகத்தை வைத்துக்கொள்கிறார்கள்.