கட்அவுட்டுக்கு வந்த பால்

காசிமேட்டுக் குத்துச்சண்டை மன்றத்தின் தலைவர் குணசீலனுக்கு ஒரு பைத்தியம் உண்டு. டேனி ஹார்ட்லி என்ற இங்கிலாந்து வீரன்தான் அது. அவன் ஜெயிக்கும்போதெல்லாம் மன்ற வாசலில் நிற்கும் அவன் கட்அவுட்டுக்குப் பாலாபிஷேகம் நடக்கும். சிந்திய பாலைக் கழுவிவிடுவது ரிங் பெருக்கும் சகாயமேரியின் தலையில் விழும்.

அன்றும் பால் கேன் வந்து இறங்கியது. "உலகத்துலயே இவன்தான் பெரிய ஆளு," என்றார் தலைவர்.

சகாயமேரிக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "நானும் டிவில பாக்குறேன் தலைவரே. இவரு அடிச்சதெல்லாம் வயசானவங்க, முட்டி போனவங்க. பெரிய ஆளுங்க கூப்பிட்டா கை சுளுக்கிக்கிச்சுங்கிறாரு. இதெல்லாம் ஒரு வெற்றியா?"

பயிற்சிக்கு வந்திருந்த பையன்கள் சிரித்துவிட்டார்கள். தலைவருக்குச் சுருக்கென்றது. "நீ ரிங்ல ஏறி ஒருத்தனை ஜெயிச்சுக் காட்டு. இல்லன்னா நாளைலேருந்து வேலைக்கு வராத."

"ஏறுறேன். ஆனா டேனி மாதிரியே எதிராளியை நான்தான் பொறுக்குவேன்."

"யாரை வேணா பொறுக்கிக்க," என்றார் தலைவர் தாராளமாக.

சகாயமேரி சேலையை இழுத்துச் செருகினாள். வரிசையாக நின்ற பையன்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே நடந்தவள், தலைவரின் நாற்காலிக்கு முன்னால் வந்து நின்று கிளவுஸை அவர் மடியில் வைத்தாள். "நீங்க வாங்க."

தலைவர் தொந்தியைப் பிடித்துக்கொண்டார். "எனக்கு அறுபது வயசாச்சும்மா. முட்டி வேற தேஞ்சு கெடக்கு. என்னை அடிச்சா அதெல்லாம் ஒரு வெற்றியா?"

"அதைத்தானே தலைவரே நானும் கேட்டேன்?"

கட்அவுட்டுக்கு வந்த பால் அன்று டீயாகக் கொதித்தது. முதல் டம்ளரைத் தலைவரே கொண்டுவந்து அவளிடம் நீட்டினார்.