நங்கூரத்தில் நின்ற பதினெட்டு மாடுகள்

இந்த வழக்கைத் தீர்த்துவைக்க எனக்கு ஆள் தேவை. அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்கிறவர்கள் இப்போதே எழுந்து போகலாம்; மற்றவர்கள் கிட்ட வாருங்கள்.

வெள்ளைக்காரன் ஆண்ட காலம். யாழ்ப்பாணத்து வடகரையில் கூழாந்துறை என்று ஒரு சின்னத் துறை. அக்கரையிலிருந்து உழவு மாடுகள் தோணியில் வந்து இறங்கும் இடம். அந்த வருஷம் அக்கரையில் கோமாரி என்ற தொற்று மாட்டுநோய் என்று பேச்சு அடிபட்டது. அரசாங்கம் சும்மா இருக்குமா? உடனே ஒரு சட்டம் போட்டது. மாட்டு இன்ஸ்பெக்டர் தோணியில் ஏறி, ஒவ்வொரு மாட்டின் வாயையும் குளம்பையும் பார்த்துக் கையெழுத்துப் போடாமல் ஒரு மாடும் கரையேறக் கூடாது. அதற்குமுன் தோணியைத் தொட்ட மனுஷன் எவனும் பத்து நாள் அதிலேயே கிடக்க வேண்டும். இன்ஸ்பெக்டருக்கு மட்டும் விலக்கு.

சட்டம் நல்ல சட்டம்தான். இன்ஸ்பெக்டர்தான் இல்லை!

பழைய இன்ஸ்பெக்டர் அம்பலவாணர் திங்கட்கிழமையோடு ஓய்வு பெற்றுவிட்டார். அடுத்து வர வேண்டியவன் அதே கந்தோரில் பதினொரு வருஷம் கிளாக்கராக இருந்த சந்தியாப்பிள்ளை. நியமனக் கடிதம் கைக்கு வந்திருந்தது. ஆனால் அதன் கடைசி வரி பொல்லாத வரி. வியாழக்கிழமை கெசட்டில் பெயர் வந்து, அன்று காலை பத்து மணிக்கு அரசாங்கக் கச்சேரியில் மாவட்டத்தை ஆண்ட ஏசண்டுத்துரை முன்னால் நேரில் சத்தியம் செய்த பிறகே வேலை. அந்த நேரத்துக்கு ஆள் நிற்காவிட்டால் பட்டியலில் அடுத்த பெயருக்குப் போய்விடும்.

செவ்வாய்க்கிழமை காலை தோணி வந்தது. பதினெட்டு மாடுகள். நடுக்கடலில் காற்று விழுந்து மூன்று நாள் அசையாமல் நின்ற தோணி. மாடுகளுக்கென்று வைத்திருந்த தண்ணீர் தீர்ந்து போயிருந்தது. கூப்பிடு தூரத்தில் நங்கூரம் போட்டார்கள். மாடுகள் கத்தத் தொடங்கின.

சந்தியாப்பிள்ளைக்கு மத்தியானச் சோறு இறங்கவில்லை. கையெழுத்துப் போட்டால் அது கள்ளக் கையெழுத்து. போடாவிட்டால் வியாழனுக்குள் பதினெட்டும் செத்துவிடும். நாலு பிள்ளைகள், வாடகை வீடு. இந்த வேலை கைநழுவினால் இன்னொரு தரம் வராது.

"அந்தப் பக்கமே போகாதேங்கோ," என்றாள் மனைவி திரேசம்மா. "வியாழக்கிழமை வரைக்கும் பேசாமல் வீட்டிலை இருங்கோ."

இருக்க முடிந்தால்தானே! கை கழுவிக்கொண்டு கரைக்கு ஓடினான்.

அங்கே மாடுகளின் சொந்தக்காரர் வைத்திலிங்கம் தலையில் அடித்துக்கொண்டு நின்றார். "தோணிக்காரரிட்டை மாட்டுக் கயித்தை அவிட்டு விடச் சொல்லப்போறன். தாகத்திலை அதுகள் தானாய் நீந்தி வரும். நான் இறக்கேல்லை, அதுகளாய் வந்ததுகள். ஆர் என்ன கேக்கிறது?"

"ஐயோ, கொஞ்சம் பொறுங்கோ அண்ணை!" என்றான் சந்தியாப்பிள்ளை.

அதற்குள் அம்பலவாணரும் வந்துவிட்டார். இருபத்திரண்டு வருஷம் ஒரு பொய்க் கையெழுத்துப் போட்டறியாத மனுஷன். முத்திரை இன்னும் அவர் மடியில்தான் இருந்தது. வாங்கிக்கொள்ள ஆள் வேண்டாமா? கரையில் நின்றபடியே கண்ணைச் சுருக்கித் தோணியைப் பார்த்தார்.

"எல்லாம் நல்ல மாடுகள்தான் தம்பி. நான் திங்கட்கிழமைத் திகதி போட்டு ஒரு கையெழுத்து வைக்கிறன். வாயில்லாச் சீவன்கள், பாவம்."

"திங்கட்கிழமை இந்தத் தோணியே வரேல்லையே ஐயா?"

"அதை ஆர் பாக்கப்போறான்?" என்று சொல்லி, அங்கேயே குந்தியிருந்து எழுதி, முத்திரையும் குத்தி நீட்டினார்.

சந்தியாப்பிள்ளை கடிதாசியை வாங்கினான். கரைக்கு மேலே வயல்களில் ஊரார் உழுதுகொண்டிருந்தார்கள். கடிதாசியை நாலாகக் கிழித்தான்.

பிறகு மீன்பிடிக்காரரிடம் போய், தோணிக்குத் தண்ணீர் கொண்டுபோகச் சொல்லிக் கெஞ்சினான். "பத்து நாள் தொழிலுக்குப் போகாட்டில் பிள்ளையளுக்கு என்னத்தைக் குடுக்கிறது ஐயா?" என்றார்கள். அதுவும் நியாயம்தானே. வள்ளமும் பீப்பாய்களும் தந்தார்கள், கிணற்றில் இறைத்து நிரப்பியும் தந்தார்கள். ஏறத்தான் ஆள் இல்லை.

சந்தியாப்பிள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தானே ஏறினான்.

"விசரே உனக்கு?" என்று கத்தினார் அம்பலவாணர். "வியாழக்கிழமை கச்சேரிக்கு ஆர் போறது?"

"வியாழக்கிழமை வாற இன்ஸ்பெக்டர் மாடுகளைப் பாக்கட்டும் ஐயா. அதுவரைக்கும் அதுகள் உயிரோடை இருக்கவேணும்."

"வாற இன்ஸ்பெக்டர் நீயெல்லோ!"

"இனி இல்லை ஐயா," என்று சொல்லித் துடுப்பைப் போட்டான்.

சரி, கேட்டீர்களா? வைத்திலிங்கம் தன் மாடுகளைக் காப்பாற்றப் பார்த்தார். அம்பலவாணர் தம் நல்ல பெயரையே பணயம் வைத்து இரக்கம் காட்டினார். சந்தியாப்பிள்ளை நாலு பிள்ளைகளின் சோற்றைக் கடலில் போட்டுவிட்டுப் போனான். இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: கோமாரிக்குச் சட்டம் வாசிக்கத் தெரியாது, நீந்தி வந்த மாட்டோடு அதுவும் கரையேறும், ஆகவே வைத்திலிங்கம் செய்யப்பார்த்தது பிழை. அம்பலவாணரின் இரக்கம் உண்மையானதுதான், ஆனால் கரையில் நின்று பார்த்தால் மாட்டின் வாய் தெரியுமா? அவர் பிழைவிட்டிருந்தால் அழ வேண்டியவர்கள் ஊர் உழவர்கள். சந்தியாப்பிள்ளை ஒருவன்தான் தன் இரக்கத்தின் பாரத்தைத் தானே சுமந்தான், செய்தது சரி. வியாழன் மாலை வேறு ஒருவர் இன்ஸ்பெக்டராக வந்து பார்த்தபோது இரண்டு மாடுகளுக்குக் கோமாரி கண்டு வாயில் நுரை தள்ளியிருந்தது. ஆனால் எல்லாம் நல்ல மாடுகளாகவே இருந்திருந்தாலும் என் தீர்ப்பு இதுதான். அவன் வீட்டில் மட்டும் இந்தத் தீர்ப்புச் செல்லவில்லை. பத்து நாள் கழித்துத் திரும்பியவனுக்குச் சோற்றை வைத்துவிட்டுத் திரேசம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "அதுகள் கத்தினது உனக்குக் கேக்கேல்லையே?" என்றான். "கேட்டது. அதுக்குத்தானே யன்னலைச் சாத்தினனான்," என்றாள் அவள், சொல்லிவிட்டு அழுதாள்.