பின்னால் நிற்பவள்

“பின்னல் எல்லாம் கைக்கு வந்துவிட்டது, தாயே. கைதான் என் பேச்சைக் கேட்கமாட்டேன் என்கிறது.”

தாயம்மை இரண்டு கைகளையும் நீட்டிக் காட்டினாள். முருங்கை இலை போல் ஆடின.

மொட்டை நாச்சி திரும்பிப் பார்க்கவில்லை. மாமரக் கிளையில் கட்டிய தேங்காய்நார்க் கற்றைக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். ஒரு காலத்தில் ராணிக்குப் பின்னியவள். இப்போது கோட்டைக்கு வெளியே, தலையில் ஒற்றை முடி இல்லாமல், ஊருக்கெல்லாம் பின்னல் சொல்லித் தருகிறாள்.

“தாயேவா? உன் மகள் வயசு எனக்கு. சும்மா பெயரைச் சொல்லு, அக்கா.”

“நாளைக்கு என் முறை, நாச்சி.”

அது ஊருக்கே தெரியும். நேற்று தண்டோராக்காரன் சளிமூக்கோடு கத்திவிட்டுப் போனானே: “இதடால் சகலருக்கும் அறிவிப்பது எட்டவெட்டால்...”

ராணிக்குப் பின்னும்போது கை நின்றால் மொட்டை. மொட்டை அடித்தால் கோட்டைக்குள் மறுபடி கால் வைக்கக் கூடாது.

“மகளுக்கு மாசம் நிறைந்துவிட்டது. நான் வெளியே கிடந்தால் அவளை யார் பார்ப்பார்கள்?”

“ஐந்துகால் பின்னல் வருமா?”

“வரும்.”

“மீன்முள்?”

“கண்ணை மூடிக்கொண்டு வரும்.”

“யாரங்கே!” என்றாள் நாச்சி, அச்சு அசல் ராணியின் குரலில்.

தாயம்மை துள்ளிப் போய் மரத்தில் முட்டிக்கொண்டாள். நாச்சி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தினாள்.

“உட்கார். எனக்கு முதுகைக் காட்டு.”

உட்கார்ந்தாள்.

நாச்சி அவள் கொண்டையை அவிழ்த்தாள். வகிர்ந்தாள். மூன்று கால் எடுத்தாள். விரல்கள் ஓடின. தாயம்மைக்குக் கண் சொக்கியது.

சட்டென்று கை நின்றது.

மரத்தில் ஒரு காகம் கத்திவிட்டு அடங்கியது.

“என்ன, நாச்சி?”

நாச்சியின் மூச்சு அவள் பிடரியில் பட்டது.

“என்னடி பார்த்தே?”

“ஒன்றுமில்லை, அக்கா.”

“பொய்! பேனா? கட்டியா? பின்னால் யாராவது நிற்கிறார்களா? சொல்லித் தொலையேன்!”

நாச்சி பின்னலை முடிந்து, அவள் தோளில் எடுத்துப் போட்டாள்.

“ராணியும் இப்படித்தான் கேட்டாள். நானும் ‘ஒன்றுமில்லை’ என்றுதான் சொன்னேன்.”

தன் மொட்டையைத் தடவிக்கொண்டே குடிசைக்குள் போய்விட்டாள்.

மறுநாள்.

ராணி சன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். கதவோரம் நாவிதன் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தான். சர்க். சர்க்.

தாயம்மை கூந்தலைப் பிரித்தாள். முதல் கால். இரண்டாம் கால். மூன்றாவதை எடுக்க வலது காதுக்குப் பின்னால் விரலை விட்டாள்.

அங்கே முடி இல்லை. வட்டமாய், வழுவழுவென்று வெறும் தோல்.

கை நின்றுவிட்டது.

சர்க் சத்தமும் நின்றது.

“என்னடி?” என்றாள் ராணி.

தாயம்மையின் நாக்கு நுனிக்கு ‘ஒன்றுமில்லை’ வந்துவிட்டது. மகளின் வயிறு கண்முன் வந்தது.

அப்போதுதான் பார்த்தாள். ராணியின் பிடரியில் பூனைமயிர் அத்தனையும் குத்திட்டு நின்றது.

“புழுவெட்டு, மகாராணி. காதுக்குப் பின்னால்.”

நாவிதன் எழுந்து நின்றான். கத்தி வெயிலில் மின்னியது.

ராணி திரும்பவில்லை.

“எவ்வளவு பெரிசு?”

நாச்சி நேற்று ‘யாரங்கே’ என்று பேசிக் காட்டிய குரல் இல்லை இது. மாமரத்தடியில் ‘என்னடி பார்த்தே’ என்று தாயம்மை கேட்டாளே, அந்தக் குரல்.

தாயம்மை ராணியின் கையை எடுத்தாள். பின்னால் கொண்டுவந்து, கட்டைவிரலை அந்த இடத்தின்மேல் வைத்தாள். விரலுக்கு அடியில் அது முழுதும் அடங்கிவிட்டது.

இரண்டு கைகளில் ஒன்றுதான் நடுங்கியது. அது தாயம்மையுடையது இல்லை.

“இவ்வளவுதான்” என்றாள் தாயம்மை. மூன்றாவது காலை எடுத்தாள்.