கோடிநாட்டு வழி விளக்கு

சங்குத்துறைச் சுங்கச்சாவடியில் கணக்குக்குக் குருவாக இருந்தவள் சாத்தியம்மை. அவளுக்கு வாய்த்த சீடன் வடுகநாதனோ அவளைவிடப் பத்து வயது மூத்தவன். அவன் அவளை அம்மா என்பான். அவள் அவனை அண்ணாச்சி என்பாள். துறைக்காரர்கள் இதற்குச் சிரித்துச் சிரித்து ஓய்ந்துவிட்டார்கள்.

அந்தத் துறையில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு நாட்டிலிருந்து போன ஆண்டு எவ்வளவு சரக்கு வந்ததோ, அதைப் பார்த்துத்தான் அந்நாட்டுப் படகுகள் வரும் வழியின் விளக்குக்கு அரண்மனை எண்ணெய் அளக்கும்.

வடுகநாதன் பிறந்த கோடிநாடு அந்த ஆண்டு இரண்டாகப் பிரிந்து கலைந்தது. ஆற்றுக்கு இந்தப் பக்கம் வடகரை நாடு, அந்தப் பக்கம் தென்கரை நாடு. அங்கிருந்து வரும் கருப்பட்டி என்னவோ பழையபடியே வந்து இறங்கியது. ஆனால் கோடிநாடு என்ற பெயரில் இனி வரவு எழுதக் கூடாது என்று உத்தரவு. புது நாடுகளுக்குப் போன ஆண்டுக் கணக்கு கிடையாது. கணக்கு இருக்கிற கோடிநாடோ இப்போது கிடையாது. எண்ணெய் யார் பெயரில் வரும்?

வடுகநாதனுக்குச் சோறு இறங்கவில்லை. அந்த வழியெல்லாம் பாறை. அதில் படகு ஓட்டி வருகிறவன் அவன் தங்கையின் புருஷன். யோசித்து யோசித்து, போன ஆண்டு வரவைச் சரிபாதியாக்கி, இரண்டு புது நாடுகளின் பெயரிலும் எழுதிக்கொண்டு வந்து நின்றான்.

சாத்தியம்மை கோபப்படவில்லை. ஒரு கருப்பட்டியை உடைத்து, ஒரு துண்டை அவன் கையில் வைத்தாள். மற்றதைத் தன் வாயில் போட்டுக்கொண்டாள்.

"போன வருஷத்துக் கருப்பட்டி. இது எந்தக் கரைப் பனை, அண்ணாச்சி?"

"தெரியாதும்மா. அப்பல்லாம் ரெண்டு கரைப் பதநீரையும் ஒரே கொப்பரையிலதான் காய்ச்சுவோம்."

"அப்புறம் பாதின்னு எப்படி எழுதினீங்க?"

அவன் தலை குனிந்தான். "எழுதலேன்னா விளக்கு அணைஞ்சு போயிடும்மா."

"படகு வர்ற வழி ஒண்ணு. விளக்கும் ஒண்ணு. எண்ணெயை ரெண்டு நாட்டுக்கும் பொதுவுல நான் கேட்டு வாங்குறேன்."

இந்த ஆண்டு வரவை மட்டும் கரைவாரியாகப் பிரித்து எழுதச் சொன்னாள். அவன் எழுதினான். எழுதிவிட்டு எழுந்திருக்கவில்லை.

"போன வருஷத்தை என்னம்மா செய்ய?"

சாத்தியம்மை கணக்கு ஓலையை அவன் பக்கமே நகர்த்தி வைத்தாள்.

"அதை ரெண்டு பேருக்கும் நடுவுல சேர்த்தே எழுதுங்க, அண்ணாச்சி. அப்ப சேர்ந்துதானே இருந்தீங்க."