ஒரு சத்தத்துக்கு ஒரு புழு

வறண்ட முட்காட்டின் நடுவில் ஒரு குளம் இருந்தது. சுற்றுவட்டாரத்தில் வேறு எங்கும் தண்ணீர் கிடையாது. மான்களும் முயல்களும் ஆமைகளும் தாகம் எடுத்தால் அங்கேதான் வந்தாக வேண்டும். அது வேடர்களுக்கும் தெரியும்.

அந்தக் குளக்கரைச் சரளைக்கல்லில் ஓர் ஆள்காட்டிப் பறவை குடியிருந்தாள். கால்கள் மஞ்சளாக இருந்ததால் எல்லோரும் அவளை மஞ்சக்காலி என்று கூப்பிட்டார்கள். அவளுடைய கணவன் முந்தின கோடையில் வேடன் வலையில் அகப்பட்டுப் போனான். அன்றிலிருந்து தூரத்தில் ஒரு மனிதத் தலை தெரிந்தாலே அவளுக்கு உடம்பெல்லாம் பதறும். உடனே எழும்பிப் பறந்து, "டிட்டித்தீ! டிட்டித்தீ!" என்று கத்துவாள். குளத்தின் நான்கு கரைக்கும் அது கேட்கும். தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தவை எல்லாம் கண்மூடித் திறப்பதற்குள் புதருக்குள் மறைந்துவிடும். வேடர்கள் வெறுங்கையோடு திரும்புவார்கள்.

ஒரு நாள் மான் கூட்டத்தின் தலைவன் கவைக்கொம்பன் அவளைத் தேடி வந்தான்.

"தங்கச்சி, இந்த மாசம் முழுக்க எங்க கூட்டத்துல ஒரு உயிர்கூடப் போகல. எல்லாம் உன்னாலதான்! சும்மா வாங்கிக்க எங்களுக்கு மனசு வரல. உனக்கு என்ன வேணும்னு சொல்லு!"

மஞ்சக்காலிக்குக் கூச்சமாகிவிட்டது. இதுவரை யாரும் அவளிடம் இப்படிக் கேட்டதில்லை. 'நான் என்ன பெரிதாகச் செய்துவிட்டேன்? தொண்டை கொஞ்சம் கம்முகிறது, அவ்வளவுதானே! ஒருத்தர் கேட்டாலும் ஒரே சத்தம், நூறு பேர் கேட்டாலும் அதே சத்தம்' என்று நினைத்தாள். கூடக் கேட்டால் பேராசைக்காரி என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயமும் இருந்தது.

"ஒரு சத்தத்துக்கு ஒரு புழு கொடுங்க அண்ணே. அது போதும்!" என்றாள்.

அதைவிட எத்தனையோ மடங்கு கொடுக்கும் நினைப்போடுதான் கவைக்கொம்பன் வந்திருந்தான். ஆனால் அவளே குறைத்துக் கேட்கும்போது அவன் எதற்கு ஏற்றிச் சொல்லப் போகிறான்? "சரி, சரி!" என்று சட்டென்று தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டான்.

அன்று முதல் மான் கூட்டம் ஒரு சத்தத்துக்கு ஒரு புழு கொடுத்தது. குளம்பால் மண்ணைக் கிளறினால் புழு வந்துவிடும். முயல்களும் ஒரு புழு கொடுத்தன. குளத்து ஆமையும் ஒரு புழு கொடுத்தது. மூன்றாம் நாளே ஆமை முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டது.

"இது என்ன நியாயம்? நாப்பது மானுக்கும் ஒரு புழு, ஒத்த ஆமைக்கும் ஒரு புழுவா? ஆபத்துன்னா நான் தலையை உள்ளே இழுத்துக்குவேன். உன் சத்தத்தால எனக்குப் பெருசா ஒண்ணும் ஆகப்போறதில்ல. எனக்கு வேண்டாம்மா!"

ஆமை சொன்னது சரிதான் என்று மஞ்சக்காலிக்குப் பட்டது. அப்படியானால் நாற்பது மான்களுக்கு அந்தச் சத்தம் எவ்வளவு பெரிது என்று அவள் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. ஒரு புழு போனதே என்று மட்டும் வருத்தப்பட்டாள்.

பங்குனி பிறந்தது. வெயில் ஏறியது. மஞ்சக்காலி சரளைக்கு நடுவில் சிறு குழி பறித்து நான்கு முட்டைகள் இட்டாள். கல்லுக்கும் முட்டைக்கும் வித்தியாசம் தெரியாது. ஆனால் கீரிக்குக் கண் எதற்கு? மூக்கு போதும். போதாக்குறைக்குக் கல் சூட்டில் முட்டை வெந்துவிடாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். அதனால் அவள் அடிக்கடி குளத்தில் இறங்கி வயிற்று இறகை நனைத்துக்கொண்டு ஓடி வந்து முட்டைகளின் மேல் உட்காருவாள்.

ஒரு நாள் வேடனின் நாய் ஒன்று தனியாகக் குளத்தை நோக்கி வருவதை அவள் பார்த்தாள். நெடுந்தூரத்திலேயே பார்த்துவிட்டாள். சத்தம் போடவில்லை. நேரே போய் நாயின் முன்னால் விழுந்து, சிறகு ஒடிந்ததுபோல் தரையில் இழுத்து இழுத்து நடந்தாள். நாய் அவளைத் துரத்தியது. குளத்துக்கு எதிர்ப்பக்கமாக, பாறைகளைத் தாண்டி, ஓடையைத் தாண்டி அதை அலைக்கழித்துக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தாள். இரண்டு தடவை அதன் பல் அவள் வாலை உரசியது.

சாயங்காலம் கவைக்கொம்பன் கேட்டான்: "இன்னைக்கு ஒரு சத்தமும் கேக்கலையே தங்கச்சி?"

"நாய் வந்துது அண்ணே. நான் அதை வேற பக்கம் இழுத்துக்கிட்டுப் போயிட்டேன்!"

"அப்படியா? ஆனா சத்தம் இல்லையே. சத்தத்துக்குத்தானே புழு!"

அவன் கேலியாகச் சொல்லவில்லை. பேச்சு அப்படித்தானே! மஞ்சக்காலி அன்று பட்டினி கிடந்தாள். மான்கள் ஓடாமல், பயப்படாமல், வயிறு நிறையத் தண்ணீர் குடித்த நாள் அது. அந்த நாளுக்கு விலையே இல்லை!

இரண்டு நாள் கழித்து இன்னொரு நாய் குளக்கரைக்கே வந்துவிட்டது. மஞ்சக்காலி கத்தினாள். எல்லோரும் ஓடினார்கள். பூம்புள்ளி என்ற பெண்மானின் குட்டி மட்டும் சேற்றில் கால் புதைந்து நின்றுவிட்டது. மஞ்சக்காலி நாயின் கண்ணைக் குறிவைத்துப் பாய்ந்தாள். திரும்பத் திரும்பப் பாய்ந்தாள். நாய் தலையை உதறி உதறிக் குரைத்தது. அதற்குள் குட்டி காலைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவிட்டது. களைத்துப்போய் அவள் திரும்பி வந்தபோது முட்டைக் குழிக்கு இரண்டு அடி தள்ளிக் கீரியின் கால்தடம் புதிதாகக் கிடந்தது.

சாயங்காலம் அவளே மான்களிடம் போனாள்.

"அண்ணே, இனிமே எனக்குப் புழு வேண்டாம். நான் மேலே காவல் பாக்கிற நேரத்துல உங்கள்ல ஒருத்தர் என் முட்டைகிட்ட வந்து நிக்கணும். கீரி வந்தா கொம்பை ஆட்டினாப் போதும்!"

"நாள் பூராவுமா? மேயாம கொள்ளாமலா?"

"மாத்தி மாத்தி நில்லுங்க அண்ணே. குஞ்சு பொரிச்சு எழும்புற வரைக்கும்தான்."

கவைக்கொம்பன் சிரித்தான். "ஒரு புழுவுக்குக் கொடுத்த சத்தம்தானே இது! இன்னைக்கு மட்டும் திடீர்னு எப்படி இவ்வளவு பெருசாச்சு?"

"சத்தம் பெருசாகல அண்ணே. அதனால உங்களுக்குக் கிடைக்கிறது எப்பவும் பெருசுதான். சொல்லத் தெரியாம நான்தான் அன்னைக்கு அப்படிச் சொல்லிட்டேன். காலையில அந்தக் குட்டி..."

"குட்டி தானாவே ஓடியிருக்கும்! நீ கேட்ட விலையைத்தான் நாங்க கொடுக்கிறோம். ஒரு நாளாவது குறைச்சோமா, சொல்லு!"

மஞ்சக்காலி பூம்புள்ளியைப் பார்த்தாள். பூம்புள்ளி குட்டியின் காலில் ஒட்டிய சேற்றை நக்கிக்கொண்டிருந்தாள். ஒரு கணம் நிமிர்ந்து தலைவனைப் பார்த்துவிட்டு மறுபடியும் குனிந்துகொண்டாள்.

அந்தப் பேச்சைக் கிளையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான் ஒரு கரிச்சான். எந்தப் பறவையின் குரலையும் அச்சாக எடுக்கக் கூடியவன் அவன். இறங்கி வந்து வாலை ஆட்டினான்.

"தலைவரே! ஒரு புழுவுக்கு ஒரு சத்தமா? நான் ஆறு சத்தம் தர்றேன்! காலையில மூணு, சாயங்காலம் மூணு. ஒண்ணுகூடக் குறையாது!"

சொல்லிவிட்டு, "டிட்டித்தீ!" என்று கத்திக் காட்டினான். மஞ்சக்காலியின் குரலைவிட அது தெளிவாக இருந்தது.

"எப்போ கத்தணும்னு உனக்குத் தெரியுமா?" என்று மஞ்சக்காலி கேட்டாள்.

"அதான் சொன்னேனே, காலையிலயும் சாயங்காலமும்!" என்றான் கரிச்சான்.

மான்கள் கூடிப் பேசின. ஒன்றுக்கு ஆறு! யாருக்குத்தான் கசக்கும்? மறுநாளே கரிச்சானை வைத்துக்கொண்டன. முயல்களும் அவன் பக்கமே போய்விட்டன. காலையில் மூன்று தடவை கத்தினான்; எல்லோரும் ஓடி ஒளிந்தார்கள். சாயங்காலம் மூன்று தடவை கத்தினான். மறுபடியும் ஓடி ஒளிந்தார்கள். வேடர் யாரும் வரவில்லை. "பாத்தீங்களா, எவ்வளவு பாதுகாப்பு!" என்று மகிழ்ந்தார்கள்.

மஞ்சக்காலிக்குப் புழு நின்றுபோனது. காய்ந்த சரளையில் என்ன கிடைக்கும்? ஒரு நாள் பொறுத்தாள். இரண்டு நாள் பொறுத்தாள். மூன்றாம் நாள் தலை சுற்றியது. விடியற்காலையில் வெயில் ஏறுமுன் வந்துவிடலாம் என்று ஓடைப்பக்கம் இரை தேடிப் பறந்தாள். அவசர அவசரமாக நாலு பூச்சியைக் கொத்தினாள். திரும்பும் வழியில் குளத்தில் இறங்கி வயிற்றை நனைத்துக்கொண்டு குழிக்கு ஓடினாள்.

குழியில் ஓடுகள் மட்டும் கிடந்தன.

அவள் கத்தவில்லை. ஈர வயிற்றோடு அந்தக் குழியில் உட்கார்ந்தாள். இறகிலிருந்து தண்ணீர் வெறும் கல்லில் சொட்டிக் காய்ந்தது. நண்பகல் வரை அப்படியே உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து, குளத்துக்கு அப்பால் இருந்த மொட்டைப் பாறைக்குப் போய்விட்டாள்.

நான்கு நாள் போயிற்று. உச்சி வெயில் நேரம். பாறையின் மேலிருந்து மஞ்சக்காலி பார்த்தாள். ஆறு வேடர்கள், தோளில் வலை, பக்கத்தில் இரண்டு நாய்கள். காற்றுக்கு எதிர்த்திசையில் பதுங்கிப் பதுங்கிக் குளத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார்கள். மான் கூட்டம் முழுவதும் தண்ணீரில் வாய் வைத்திருந்தது.

'எனக்கென்ன வந்தது? காவலுக்குத்தான் ஆள் வைத்திருக்கிறார்களே!' என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் வலையைப் பார்த்த பிறகு அவளால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. கணவன் சிக்கியதும் அதே மாதிரி வலையில்தான். பறந்தாள். குளத்தின் மேல் சுற்றிச் சுற்றித் தொண்டை கிழியக் கத்தினாள்.

"டிட்டித்தீ! டிட்டித்தீ! டிட்டித்தீ!"

கவைக்கொம்பன் தலையைத் தூக்கினான். மரத்தில் இறகு கோதிக்கொண்டிருந்த கரிச்சானைப் பார்த்தான்.

"நீயா கத்தினே?"

"நான் இல்ல தலைவரே! என் காலைச் சத்தம் மூணும் முடிஞ்சுபோச்சு. சாயங்காலத்துக்கு இன்னும் நேரம் இருக்கு."

"அப்போ அவதான். மறுபடியும் வேலை கேட்டு வந்திருக்கா. நம்மகிட்ட ஒண்ணும் வாங்காம கத்துற சத்தத்துக்கு என்ன மதிப்பு? நீங்க தண்ணியைக் குடிங்க!"

பூம்புள்ளி மட்டும் இரண்டடி பின்வாங்கினாள். குட்டியைக் கூப்பிடத் திரும்பினாள். அதற்குள் வலை விரிந்துவிட்டது.

பதினொரு மான்கள் போயின. பூம்புள்ளியின் குட்டியும் அதில் ஒன்று. கவைக்கொம்பன் ஒரு கொம்பு முறிந்து, தொடையில் காயத்தோடு தப்பினான். குளத்துத் தண்ணீர் கலங்கிச் சிவந்து கிடந்தது. சாயங்காலம் ஆனதும் கரிச்சான் சரியான நேரத்துக்குக் கிளையில் வந்து உட்கார்ந்து மூன்று தடவை கத்தினான். கேட்பதற்குக் கரையில் யாரும் இல்லை. மறுநாள் காலையில் அவன் கவைக்கொம்பனிடம் போய், "நேத்து ஆறு சத்தமும் சரியாக் கொடுத்தேன் தலைவரே! என் புழு எங்கே?" என்று கேட்டான். பேசியபடிதானே அவன் நடந்துகொண்டான்!

அன்றே கவைக்கொம்பன் நொண்டிக்கொண்டு மொட்டைப் பாறைக்கு வந்தான். பின்னால் பூம்புள்ளியும் வந்தாள்.

"தங்கச்சி, திரும்பி வந்துடு! நீ கேட்டபடி முட்டைக்குக் காவல் நிக்கிறோம். ஒருத்தர் இல்ல, நாலு பேர் நிக்கிறோம்!"

"முட்டை இல்ல அண்ணே" என்றாள் மஞ்சக்காலி.

கவைக்கொம்பன் தலை குனிந்தான்.

பூம்புள்ளி மெல்ல முன்னால் வந்தாள். "அன்னைக்கே நான் வாயைத் திறந்திருக்கணும். என் பிள்ளைக்காக ஆயுசு முழுக்க நின்னிருப்பேனே! ஒரு புழுன்னு சொல்லும்போது அது சின்ன விஷயம்னுதான் நாங்களும் நினைச்சுட்டோம் மஞ்சக்காலி."

"உங்களை மட்டும் குத்தம் சொல்ல முடியாது அக்கா. முதல்ல அப்படி நினைச்சது நான்தான்" என்றாள் மஞ்சக்காலி. அவள் குரல் கரகரத்தது. கத்திக் கத்தித் தொண்டை புண்ணாகியிருந்தது.

மஞ்சக்காலி சிறகை விரித்து மேற்கே பறந்துபோனாள். மிச்சமிருந்த மான்கள் அந்தக் கோடை முழுவதும் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத் தலையைத் தூக்கிப் பார்த்தன, இன்னொரு வாய் குடித்துவிட்டு மறுபடியும் தூக்கிப் பார்த்தன. ஒரு நாள்கூட அவற்றின் தாகம் தீரவில்லை.

தான் படும் சிரமத்தை மட்டும் அளந்து விலை சொல்லாமல், பெறுகிறவருக்குக் கிடைக்கும் நன்மையை அளந்து முதலிலேயே விலை சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் கொடுத்தவரும் அழிவார், மலிவாக வாங்கியவரும் அழிவார்.