பதினோராம் வளைவில் நின்ற வேன்

கொல்லிமலை அடிவாரத்தில் மாதேஸ்வரி நடத்தும் ஆட்டோ எலக்ட்ரிகல் கடைக்கு ஒரு வழக்கம் உண்டு. வண்டியைச் சோதித்துச் சரி என்று சொன்னவர், மலையேறும் முதல் நடையில் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து போக வேண்டும்.

நாற்பது வயதில் தறியை விட்டுவிட்டு அவளிடம் தொழில் கற்க வந்தவன் செங்கோடன். நேற்று ஒரு பள்ளி வேனை அவன்தான் சோதித்தான். சீட்டில் சாய்ந்து சுகமாக ஒரு குட்டித் தூக்கமும் போட்டபடி மலையேறினான். பதினோராம் வளைவில் இன்ஜின் பொசுக்கென்று நின்றது. ஹேண்ட்பிரேக் பிடிப்பதற்குள் வேன் பின்னால் உருண்டு, ஓரச் சுவரில் முட்டி நின்றது. அரை மணி கழித்து, ஒன்றும் நடக்காதது போல மறுபடி ஸ்டார்ட் ஆனது. பிள்ளைகள் அலறிய அலறல் இன்னும் அவன் காதை விட்டுப் போகவில்லை.

இன்று நாலு மணிக்கு அதே வேனில் அதே பிள்ளைகள் வீடு போக வேண்டும்.

இன்ஜினுக்குக் கரண்ட் விடும் ரிலேயைக் கழற்றினான். தீப்பெட்டி அளவுதான். பேட்டரியில் தொட்டதும் 'டிக்' என்றது. மீட்டரை வைத்ததும், கரண்ட் போகிறது என்று 'பீப்' அடித்தது. நேற்றும் இப்படித்தான் சொன்னது.

"சரியாத்தான் காட்டுதுங்கக்கா."

"அப்ப மாட்டு. நாலு மணிக்கு ஏறிப் போ."

செங்கோடன் மாட்டவில்லை.

"ஏன், மீட்டரை நம்பலையா?"

"நம்புறேனுங்க. ஏறத்தான் பயமா இருக்குது."

"நேத்து எவ்வளவு நேரம் சோதிச்ச?"

"பீப் வர்ற வரைக்குமுங்க."

மாதேஸ்வரி அந்த ரிலே வழியாக இரண்டு ஹெட்லைட் பல்புகளை எரியவிட்டாள். ரிலேயின் இரண்டு முனையிலும் மீட்டரைப் பொருத்தினாள். ஒரு ஸ்டூலை அவன் பக்கம் தள்ளினாள்.

"உக்காரு."

கால் மணி நேரம் ஒன்றும் ஆகவில்லை. பிறகு தொட்டுப் பார்த்தான், ரிலே சுட்டது. முனைகளுக்கு நடுவே அரை வோல்ட் காணாமல் போவதை மீட்டர் காட்டியது. பிறகு ஒன்று. பிறகு மூன்று. பல்புகள் சிவந்து, மங்கி, அணைந்தன.

அவள் பேட்டரி ஒயரை எடுத்துத் திரும்பத் தொட்டாள். பல்பு எரியவில்லை. 'டிக்' மட்டும் நன்றாகவே கேட்டது.

செங்கோடன் ஒயரை வாங்கித் தானும் ஒருமுறை தொட்டுக் கேட்டான். பதினோரு வளைவுகளும் இந்தச் சத்தத்தை நம்பித்தானா ஏறினோம்?

புது ரிலேயை எடுத்தான். அதே பல்புகளை மாட்டினான். யாரும் சொல்லாமலே ஒரு மணி நேரம் அதன் முன்னால் உட்கார்ந்தான். வெளிச்சம் கொஞ்சமும் குறையவில்லை. ரிலே உட்காரும் இடத்தையும், அங்கே வரும் ஒயர்களையும் ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தான். அப்புறம் இன்னொரு தரம் பார்த்தான்.

நாலு மணிக்குப் பிள்ளைகள் ஏறினார்கள். டிரைவர் பக்கத்து சீட்டில் அவனும் ஏறினான். சாயாமல், கம்பியைப் பிடித்தபடி நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"எல்லாம் பாத்துட்டேனுங்கக்கா. இந்தப் பயம் மட்டும் போகமாட்டேங்குது."

மாதேஸ்வரி கதவைச் சாத்தினாள்.

"நேத்து அது இல்லாமத்தான போன?"