சலேத்மேரி புள்ளைக்குப் பால் குடுத்த கதை

கடலோரமா ஒரு ஊர்ல ஒருத்தி இருந்தா, பேரு சலேத்மேரி. அவ புருஷன் கஸ்பார் ஆழ்கடலுக்கு மீன் பிடிக்கப் போயிருந்தான். அங்க டவர் கிடைக்காது. அப்போ பார்த்து, மாசம் நிறையறதுக்கு முன்னாடியே அவளுக்கு ஒரு பொம்பளைப் புள்ள பொறந்துடுச்சு. கேக்குறியா?

“ம், அத்தை.”

புள்ள எலிக்குஞ்சு மாதிரி இருந்துச்சு. பெரியாஸ்பத்திரியில கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சுட்டாங்க. பீப் பீப்னு மிஷின் சத்தம். கதவு டப்புனு சாத்திக்கிச்சு. வெளிய அவ மட்டும். அம்மா இல்ல, அக்கா தங்கச்சி இல்ல.

அப்புறம் நர்ஸ் வந்து, “பாப்பாவுக்குக் குடல் ரொம்ப மெலிசும்மா. வேற பால் சேராம வயிறு வீங்கலாம், குடலே புண்ணாகலாம். உன் பால்னா அந்தப் பயம் கொறைவு. அவளுக்கு இன்னும் உறிஞ்சத் தெரியாது, நீதான் பீச்சித் தரணும்”னாங்க.

கிண்ணத்தை வச்சுக்கிட்டு உக்காந்தா. ஒண்ணும் வரல, கண்ணீர்தான் வந்துச்சு. பக்கத்துக் கட்டில்காரி, “டப்பா பால் வாங்கிக் குடேன்”னா. இவ கிண்ணத்தை எடுத்துக்கிட்டு மறுபடி உக்காந்தா. சொட்... சொட்... கிண்ணத்தோட அடிகூட நனையல. நர்ஸ் அதையும் வழிச்சு, டியூப் வழியா புள்ளைக்கு விட்டாங்க. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா பால் ஊறுச்சு. தூங்கிட்டியா?

“ம்ஹூம்.”

அப்போ ஒருநாள் புள்ளைக்கு வயிறு திம்முனு வீங்கிருச்சு. “பாலை நிறுத்தியிருக்கோம். ஆனா நீ பீச்சுறத விட்டுடாத, வத்திடும்”னாங்க டாக்டரம்மா. குடிக்க ஆளில்லாத பாலை அவ பீச்சிக்கிட்டே இருந்தா. சுவரைப் பார்த்து உக்காந்து, “குடிப்பா, குடிப்பா”ன்னு தனக்குத்தானே சொல்லிக்கிட்டா.

மருந்து ஏத்துனாங்க. வீக்கம் மெல்ல வடிஞ்சுது. குடல்ல புண் வரல, மறுபடி டியூப்ல பால் விட ஆரம்பிச்சாங்க. “தாய்ப்பால் மட்டும் குடுத்தது நல்லதாப் போச்சு”ன்னாங்க டாக்டரம்மா.

அப்புறம் ஒரு காலைல புள்ளையத் தூக்கி அவ நெஞ்சுல போட்டாங்க. புள்ள முட்டுச்சு, தேடுச்சு, விட்டுடுச்சு. மறுபடி முட்டுச்சு, அழுதுச்சு. மூணாந்தடவை சுப்... சுப்... சுப்.

இதை யார்கிட்டயாவது சொல்லணுமே. வராண்டாவுக்கு வந்தா. யாரும் இல்ல. கஸ்பார் இன்னும் கடல்ல. முன்பின் தெரியாத ஒரு அம்மா சரக் சரக்னு தரையைப் பெருக்கிக்கிட்டிருந்தாங்க. அவங்ககிட்டப் போய், “எம்புள்ள பால் குடிச்சா”ன்னா.

அந்த அம்மா விளக்கமாத்தைச் சுவத்துல சாத்தி வச்சாங்க. படியில உக்காந்து, பக்கத்துல தட்டிக் காட்டினாங்க.

“உக்காரு. எப்படிக் குடிச்சா, சொல்லு.”

இவ உக்காந்து, முதல்லேருந்து சொல்ல ஆரம்பிச்சா.

கதை படுத்துடுச்சு கண்ணு, நீயும் படுத்துக்கோ.